காதில் வைத்த குழாய்

ரத்தத்துக்கு வாய் உண்டு. தெரியுமா உங்களுக்கு? தெரியாதென்றால் தப்பில்லை. நீங்கள் எங்கள் பல்கலைக்கழகத்தின் நலவாழ்வு ஆய்வுத் துறைப் பக்கம் வந்ததில்லை என்று அர்த்தம். வந்திருந்தால் அந்த வரிசையைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாவது மாடியில் தொடங்கும், படிக்கட்டில் வளைந்து இறங்கும், வண்டி நிறுத்துமிடத்தைச் சுற்றிக்கொண்டு வெளிவாசல் வரைக்கும் போகும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் குழாய், குழாய்க்குள் அவரவர் ரத்தம். முகத்தில் அப்படியொரு பரவசம்! சொந்த ரத்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இவ்வளவு சந்தோஷமாக நிற்கும் கூட்டத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மாடியில் உட்கார்ந்திருப்பவர் குருதிச் செவியர். பெயரை வேறு யாரும் வைக்கவில்லை, அவரே வைத்துக்கொண்டார். மலையில் தவமிருந்து கிடைத்த காது என்பார். வேலை ரொம்பச் சுலபம். குழாயை வாங்கி, வணங்குகிற மாதிரி ஒருமுறை வெளிச்சத்தில் உயர்த்துவார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு குழாயைக் காதில் வைப்பார். அறையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அவருடைய புருவம் ஏறும், இறங்கும். யாரோ தூரத்திலிருந்து போன் பேசுகிற மாதிரி "ம்... ம்... அப்படியா?" என்பார்.

"சர்க்கரை! உன் ரத்தம் இனிக்குது இனிக்குதுன்னு அழுவுது."

வந்தவர் அப்படியே உருகிவிடுவார்.

"ஐயோ, நான் வாயே திறக்கலையே! உட்கார்றதுக்குள்ள சொல்லிட்டாரே!"

"நீ எதுக்குத் திறக்கணும்? அதுதான் திறந்துடுச்சே."

மருந்தும் அங்கேயே கிடைக்கும். அதன் பெயர் மௌன நீர். செவியர் வாயை வைத்து "ம்ம்ம்" என்று ஊதிய தண்ணீர். குடித்தால் புலம்புகிற ரத்தம் அமைதியாகிவிடுமாம். பாட்டில் விலையைக் கேட்டால் உங்கள் ரத்தமே கத்த ஆரம்பித்துவிடும், ஆனாலும் வாங்கினார்கள். சிலர் வீட்டில் நாய்க்கும் வாங்கிப் போனார்கள்.

இதெல்லாம் ஏதோ மூலைச் சந்தில் நடந்திருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். நடந்தது எங்கே? எலிக்கு எடை பார்த்து, செல்லுக்குச் சாயம் ஏற்றி, முனைவர் பட்டம் தருகிற கட்டடத்தில்! கீழ்த்தளத்தில் ரத்தம் எடுக்கும் அறை. மருத்துவர் சீட்டு எழுதித் தருவார், செவிலியர் ரத்தம் எடுப்பார், குழாய் பக்கத்து ஆய்வகத்துக்குப் போகும். காலங்காலமாக அதுதான் வழி. இப்போது குழாய் முதலில் மாடி ஏறி, பேச வேண்டியதைப் பேசிவிட்டு, ஆற அமர ஆய்வகத்துக்கு இறங்கி வந்தது. அங்கே கிடைக்கும் முடிவை யாரும் வாங்கிக்கூடப் போவதில்லை. காது சொன்ன பிறகு காகிதம் எதற்கு?

செவியரை அழைத்து வந்தவர் துறையின் இயக்குநர். பாவம், அவருக்கும் ஒரு குறை. எங்கள் துறை எத்தனை எலிகளைக் கொன்றும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. செவியர் வந்த பிறகு டி.வி.க்காரர்கள் வந்தார்கள், அமைச்சரின் மாமியார் வந்தார். இயக்குநர் தரையில் நடப்பதையே நிறுத்திவிட்டார். "குருதியொலி ஆய்வு மையம்" என்று தனியாகவே ஒன்றைத் தொடங்கப் போவதாக அறிவித்தார். சந்தேகப்பட்டவர்களுக்கு அவர் சொன்ன பதிலைக் கேளுங்கள்:

"யோவ், நாங்க என்ன மடையனுங்களா? சோதிச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றோம். குழாய்மேல பேரை மறைச்சோம், வயசை மறைச்சோம், நம்பரைக்கூட மறைச்சோம். சுத்தி வெள்ளைத்தாள் ஒட்டினோம். கொண்டுபோய்க் கொடுத்த ஆளுக்கே அது யாரு ரத்தம்னு தெரியாது. அப்பவும் மனுஷன் புட்டுப் புட்டு வைக்கிறாரே!"

சுற்றி நின்ற பேராசிரியர்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். விரலை எடுத்திருந்தால் ஒருவேளை மூளைக்குக் காற்று போயிருக்கும்.

விரலை எடுக்காத அந்தக் கூட்டத்தில் சேராதவர் ஒருவர் உண்டு. அதே துறையில் புள்ளியியல் கற்றுத்தரும் பேராசிரியை. எதைக் கேட்டாலும் "சராசரி என்ன?" என்று திருப்பிக் கேட்பதால் மாணவர்கள் அவருக்குச் சராசரி மேடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். செவியரைப் பற்றிப் பேச்செடுத்தபோது இயக்குநர் அவரை ஒரே வரியில் மடக்கிவிட்டார்: "உங்களுக்குக் கணக்கு தெரியும் மேடம், ரத்தம் தெரியாது." அவரும் போய்த் தொலையட்டும் என்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். விவகாரம் அவர் வீட்டுக்குள் நுழையும் வரைக்கும்தான் அந்தப் பொறுமை.

மேடத்தோடு அவருடைய அக்கா இருக்கிறார். வீட்டின் முன்னறையில் தையல் கடை. அக்காவுக்குப் பல வருஷமாகச் சர்க்கரை, தினமும் இன்சுலின் ஊசி. கத்தரிக்கோல் நழுவி விழுந்து கால் பெருவிரலில் ஒரு காயம். அது ஆறாமல் கறுத்துக்கொண்டே வந்தது. "சர்க்கரை இறங்கலேன்னா விரலை எடுக்கவேண்டி வரும்" என்று மருத்துவர் பச்சையாகவே சொல்லிவிட்டார். தையல் மிஷினைக் காலால் மிதித்துச் சாப்பிடுகிறவருக்கு விரல் என்றால் சும்மாவா?

ஒரு நாள் சாயங்காலம் மேடம் வீட்டுக்கு வந்து ஃபிரிட்ஜைத் திறந்தார். இன்சுலின் இருந்த இடத்தில் மௌன நீர் பாட்டில்கள் நின்றன.

"அக்கா, ஊசி எங்க?"

"குப்பையில போட்டுட்டேன்."

"என்னது?"

"எதுக்குடி கத்துற? சர்க்கரைதான் போயிடுச்சே."

"எங்க போச்சு?"

"எங்கயோ போச்சு. போனதைத் தேடிக்கிட்டா போவாங்க?"

மேடம் வாக்குவாதம் செய்யவில்லை. அக்காவின் கைவிரலைப் பிடித்து, வீட்டுச் சர்க்கரைக் கருவியில் ஒரு சொட்டு ரத்தம் வைத்தார். எண் எகிறி நின்றது. திருப்பிக் காட்டினார்.

"பாருக்கா. சர்க்கரை உச்சத்துல நிக்குது."

அக்கா கருவியை மேலும் கீழும் பார்த்தார்.

"இந்த மிஷினுக்குக் காது இருக்கா?"

"இல்லை."

"அப்ப அதுக்கு என்ன தெரியும்?"

மேடத்துக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கறுத்த விரல் அவர் கண்ணுக்கு நேரே இருந்தது.

"அக்கா, அந்த ஆள் உன்கிட்ட என்னதான் சொன்னான்? ஒண்ணு விடாம சொல்லு."

"ஆள், கீள்னு பேசாத. போன மாசம் சர்க்கரைக்கு ரத்தம் எடுத்தாங்கல்ல, அதை மேல கொண்டுபோனேன். காதுல வச்சதும் சர்க்கரைன்னு சொல்லிட்டாரு. அப்புறம் மௌன நீர் குடிச்சேன். நேத்து ஒரே அசதியா இருக்குன்னு டாக்டர்கிட்ட போனேனா, ரத்தம் கம்மியான்னு பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தாரு. அதையும் மேல கொண்டுபோனேன். காதுல வச்சிட்டு, ரத்தம் சோர்ந்து கெடக்குன்னாரு. அவ்வளவுதான். சர்க்கரையைப் பத்தி மூச்சே விடலை. நானே கேட்டேன். அதுக்கு என்ன சொன்னாரு தெரியுமா? 'ரத்தம் பேசாதது உடம்புல இல்லாதது.' எவ்வளவு பெரிய வார்த்தை!"

"பெரிய வார்த்தைதான்," என்றார் மேடம் பல்லைக் கடித்துக்கொண்டு.

"எனக்கு அப்பவே தெரியும்டி. முதல் தடவை சாம்பல் கலர் மூடி போட்ட குழாய். பார்க்கவே துக்க வீட்டுத் துணி மாதிரி இருந்துச்சு. இந்தத் தடவை ஊதா மூடி! ஜரிகை வச்சுத் தச்சா அள்ளிக்கும். கையில கொடுத்தப்பவே நல்ல சேதின்னு நெனச்சேன்."

துணிக்கு நூல் பொருத்துகிறவர் கண்ணில் நிறம்தானே முதலில் படும்? மேடம் தலையைத் தூக்கினார்.

"திருப்பிச் சொல்லு. என்ன மூடி?"

மறுநாள் மேடம் வகுப்பை ரத்து செய்துவிட்டு மாடியில் செவியரின் அறை மூலையில் போய் நின்றுகொண்டார். காலையிலிருந்து மதியம் வரைக்கும் யார் வருகிறார்கள், கையில் என்ன குழாய், செவியர் என்ன சொல்கிறார், இதை மட்டும் பார்த்தார். சாம்பல் மூடி வந்தால் சர்க்கரை. ஊதா மூடி வந்தால் ரத்தம் சோர்ந்துவிட்டது. நீல மூடி என்றால் ரத்தம் உறைகிறது, இதயத்தைக் கவனி. சிவப்பு மூடி என்றால் கல்லீரல். ஒருமுறைகூடத் தவறவில்லை.

தவறுமா? எந்தச் சோதனைக்கு எந்தக் குழாய் என்று உலகத்திலுள்ள ஆய்வகங்களெல்லாம் ஒரு முறை வைத்திருக்கின்றன. உள்ளே இருக்கும் மருந்து மாறும். அடையாளத்துக்கு மூடியின் நிறமும் மாறும். மருத்துவர் சர்க்கரை என்று சந்தேகப்பட்டு எழுதினால்தான் செவிலியர் சாம்பல் மூடிக் குழாயை எடுப்பார். ஆக, மருத்துவரின் சந்தேகம் மூடியாக உட்கார்ந்து மாடிக்கு வருகிறது. அதைப் பார்த்துத்தான் செவியர் நோயாளியிடம் சொல்கிறார்.

இந்த நிற விவரம் ரகசியமா என்றால் அதுவும் இல்லை. கீழ்த்தளச் சுவரில் கதவளவுக்கு வண்ணப் படமாக மாட்டியிருக்கிறது. எங்கள் பேராசிரியர்கள் அதன் கீழேதான் தினமும் டீ குடிக்கிறார்கள். பெயரை மறைத்தார்கள், வயதை மறைத்தார்கள், பளிச்சென்று தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருந்த மூடியை மட்டும் மறைக்கவில்லை. அவர்களுக்கு மூடி என்பது திறந்து குப்பையில் எறிகிற பொருள். வருஷக்கணக்கில் எறிந்து எறிந்து, அது கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது.

மேடம் நேராக இயக்குநரிடம் போய் மூடியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன ஆகும்? கமிட்டி போடுவார்கள். கமிட்டி கூடி டீ குடிப்பதற்குள் அக்காவின் விரல் போய்விடும். தவிர, அக்காவுக்குத் தங்கை சொல்வதில் நம்பிக்கை இல்லை. செவியர் வாயால் வந்தால்தான் ஏறும். அதனால் வேறு விதமாகப் பேசினார்.

"ஐயா, மையம் திறப்பு விழாவுல எல்லார் முன்னாடியும் ஒரு செயல்விளக்கம் வச்சா என்ன?"

இயக்குநர் முகம் பூரித்துப்போனது.

"இப்பத்தான் மேடம் நீங்க நம்ம வழிக்கு வந்திருக்கீங்க!"

"ரத்தம் கொடுக்க நல்ல ஆரோக்கியமான ஆள் ஒருத்தர் வேணும்."

"என்னை விட்டா யாரு? போன வாரம்தான் முழுப் பரிசோதனை பண்ணினேன். ஒரு குறையும் இல்லை. செவியர் வாயால அதைச் சபையில சொல்லட்டும்."

மேடத்துக்கு அவர்மேல் கொஞ்சம் இரக்கம்கூட வந்ததாம். பின்னால் அவரே சொன்னார்.

விழா நாளன்று மண்டபத்தில் இடமில்லை. சன்னல் விளிம்பிலெல்லாம் ஆட்கள். மௌன நீர் பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் ஒரு கூட்டம், அதில் அக்கா. காலில் கட்டு. "உன் செவியரைப் பெருமைப்படுத்தறோம், வா" என்று சொல்லித்தான் மேடம் அழைத்து வந்திருந்தார். மேடையில் ஒரு மேசை, மேசைமேல் தாள் சுற்றிய குழாய்கள். பெயர் தெரியாது, உள்ளே இருப்பதும் தெரியாது. மேலே மூடிகள் மட்டும் வண்ண வண்ணமாகச் சிரித்துக்கொண்டிருந்தன.

செவியர் பட்டுச் சட்டையில் வந்தார். ஊதா மூடிக் குழாயை எடுத்தார், வெளிச்சத்தில் உயர்த்தினார், கண்ணை மூடினார், காதில் வைத்தார்.

"ஐயோ பாவம்! இந்த ரத்தத்துல தெம்பே இல்லை. முனகுது."

கைதட்டல். நீல மூடி.

"இது திக்கித் திக்கிப் பேசுது. உறையுது, உறையுது! நெஞ்சுல போய் அடைக்கப் பார்க்குது."

பெரிய கைதட்டல். சிவப்பு மூடி.

"கல்லீரல்! வெந்துபோன கல்லீரல்! இந்த ஆள் வீட்டுல சொல்லிட வேண்டியதுதான்."

மண்டபமே உச்சுக்கொட்டியது. கடைசியாகச் சாம்பல் மூடி. செவியர் காதில் வைத்ததும் துள்ளினார்.

"சர்க்கரை! கொஞ்ச நஞ்சமில்ல, பாகு! பாகாட்டம் கொழகொழன்னு பேசுது!"

கைதட்டல் அடங்கும் வரைக்கும் மேடம் காத்திருந்தார். பிறகு ஒலிபெருக்கியை வாங்கினார்.

"ஐயா, இந்த நாலு பேரும் பிழைப்பாங்களா?"

"மௌன நீர் குடிச்சா பிழைப்பாங்க. கல்லீரல்காரருக்கு மட்டும் கஷ்டம்."

"நாலு பேர் இல்லீங்க. முதல் மூணு குழாயிலயும் இருக்கிறது ஒரே ஆளோட ரத்தம். இன்னிக்குக் காலையில நம்ம இயக்குநர் ஐயாகிட்ட ஒரே ஊசியில எடுத்து மூணா ஊத்தினது. எடுத்த செவிலியர் இங்கதான் இருக்காங்க. பக்கத்துல நின்னு பார்த்த பதிவாளர் ஐயாவும் இருக்காரு."

இருவரும் முன்வரிசையில் எழுந்து தலையாட்டினார்கள். எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். அவர் கோபப்பட்டிருக்க வேண்டும் அல்லது வெட்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லை. முகம் வெளிறி, முதலில் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். பிறகு வயிற்றின் இடப்பக்கத்தைத் தடவினார், சந்தேகம் வந்து வலப்பக்கத்தையும் தடவினார். நலவாழ்வு ஆய்வுத் துறையின் தலைவருக்குக் கல்லீரல் எந்தப் பக்கம் என்பது பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

"செவியரே," என்றார். "ரொம்ப முத்திடுச்சா?"

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். அப்புறம் மண்டபமே சிரித்தது. பாட்டில்காரர்கள் மட்டும் சிரிக்காமல் செவியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்தச் சாம்பல் குழாயைப் பத்திச் சொல்லிடறேன்," என்றார் மேடம். "அதுல சர்க்கரைன்னு சொன்னது மட்டும் ரொம்பச் சரி. அது நம்ம கேன்டீன் பீட்ரூட் ஜூஸ். சர்க்கரையை அள்ளிப் போட்டவளே நான்தான்."

செவியர் துள்ளி எழுந்தார். முகம் பீட்ரூட்டைவிடச் சிவந்திருந்தது.

"மோசடி! இது பச்சை மோசடி! மூடியை மாத்தி வச்சு என்னை ஏமாத்திட்டீங்க!"

மேடம் ஒலிபெருக்கியை வாய்க்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"மூடியா? மூடியைப் பத்தி நான் இன்னும் பேச்சே எடுக்கலையே?"

அந்த நேரத்தில் செவியர் சும்மா இருந்திருந்தாலும் ஒருவேளை தப்பித்திருப்பார். ஆனால் வாய் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

"பின்னே? ஒரே ரத்தத்தை இஷ்டத்துக்கு ஊத்தி வைக்கலாமா? எந்த மூடியில எதை எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? எத்தனை ஆஸ்பத்திரிப் படி ஏறி இந்தக் குழாயை வித்திருப்பேன்!"

சொல்லிவிட்டுத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். இத்தனை நாளும் மலையில் தவமிருந்து கிடைத்த காது என்றல்லவா சொல்லிக்கொண்டிருந்தார்? தவமிருந்த மலை மருத்துவமனைப் படிக்கட்டு என்பது அப்போதுதான் எங்களுக்கெல்லாம் தெரிந்தது. குழாய் விற்கப் போன இடத்தில், மூடியைப் பார்த்ததும் நோயைச் சொல்லப் பழகிவிட்டார். விற்பதைவிட இது லாபம் என்று தோன்றியிருக்கிறது.

"காதால கேக்கிறவருக்கு மூடி எதுக்குங்க?" என்றார் மேடம். "சரி போகட்டும். இன்னொரு தடவை பண்ணலாமா? எல்லாத்துக்கும் ஒரே கறுப்பு மூடி மாட்டித் தரேன்."

"இன்னிக்கு... இங்க சத்தம் அதிகம். ரத்தம் கூச்சப்படுது."

அதற்குள் முன்வரிசையிலிருந்து அக்கா எழுந்துவிட்டார். காலை இழுத்து இழுத்து மேடைக்கு ஏறினார். கட்டுப் போட்ட விரல் ஒவ்வொரு படியிலும் வலித்திருக்கும், முகத்தில் தெரிந்தது. நேராகச் செவியர் முன்னால் போய் நின்றார்.

"என் சர்க்கரை போயிடுச்சுன்னு சொன்னியே. அன்னிக்கு நான் கொண்டுவந்தது ஊதா மூடி. அதனாலதானே சர்க்கரை பேசலை?"

செவியர் கதவுப் பக்கம் பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லு! உன்னை நம்பி ஊசியைக் குப்பையில போட்டவ நான்."

"அது வந்தும்மா... மூடி ஊதாவா இருந்தா சர்க்கரையைப் பத்தி எப்படிச் சொல்ல முடியும்?"

"நூல்கண்டு கலரைப் பார்த்து ரவிக்கை அளவு சொல்றவன் நீ," என்றார் அக்கா. "என் விரல் போயிருந்தா உன் காதை அறுத்தா அங்க ஒட்டுவ? மிஷினை எவன் மிதிப்பான்?"

மேசையிலிருந்த குழாய்களில் ஒன்றை எடுத்தார் அக்கா. எல்லோரும் அதைச் செவியர் மூஞ்சியில் எறியப் போகிறார் என்றுதான் நினைத்தார்கள். அக்கா குழாயைத் தன் காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு மேசையில் வைத்துவிட்டுத் தங்கை பக்கம் திரும்பினார்.

"ஒரு மண்ணும் கேக்கலைடி. ஊசி எங்க?"

மேடம் கைப்பையிலேயே வைத்திருந்தார். அன்றைக்கு என்றில்லை, அக்கா குப்பையில் போட்ட நாளிலிருந்தே புது இன்சுலினை ஐஸ் வைத்த டப்பாவில் சுமந்துகொண்டு அலைந்திருக்கிறார், எந்த நிமிஷம் அக்கா மனசு மாறுமோ என்று. மேடை ஓரத்தில் உட்காரவைத்து, முதலில் கருவியில் ரத்தம் பார்த்து, பிறகு ஊசி போட்டுவிட்டார். மண்டபம் பார்த்துக்கொண்டே இருந்தது. மௌன நீர் பாட்டில்கள் நாற்காலிக்கடியில் ஒவ்வொன்றாக உருள ஆரம்பித்தன. செவியர் எந்தக் கதவு வழியாகப் போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தது. மறுநாள் பேருந்து நிலையத்தில் பிடித்துவிட்டார்கள்.

அக்காவின் விரல் பிழைத்தது. பல வாரம் மருத்துவமனைக்கு நடந்தார், காயம் மெல்ல ஆறியது. இப்போது பழையபடி மிஷின் ஓடுகிறது. ஊதா நிற நூலை மட்டும் அவர் வாங்குவதில்லை. அது அவருடைய கோபம், நாம் தலையிட வேண்டாம்.

இயக்குநர் மட்டும் மூன்று வெவ்வேறு மருத்துவர்களிடம் கல்லீரலைக் காட்டிவிட்டு வந்தார். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். அவருக்குத் திருப்தியில்லை. நகம் பார்த்து நோய் சொல்லும் ஒருவர் பக்கத்து ஊருக்கு வந்திருக்கிறாராம், ரொம்பத் துல்லியமாம், விசாரித்துக்கொண்டிருக்கிறார். அங்கேயும் வரிசை வெளிவாசல் வரைக்கும் நிற்கிறது என்று கேள்வி.

நீங்களும் அந்த வரிசையில் நிற்பதாக இருந்தால் ஒன்று சொல்கிறேன், கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் கழுத்துக்கு மேலேயும் ஒரு பாத்திரம் இருக்கிறது. வாங்கின நாளிலிருந்து அதன் மூடியைத் திறக்கவே இல்லை நீங்கள். ஒருமுறை திறந்துதான் பாருங்களேன்.